கத்தி பட்ட கையில் களிமண்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், என் ரத்தம் என் மேஜைமேல் ஓடியது. மூன்று வருஷம் ஆகிறது. முருகனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் சுமதி. நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பி.காம் முடித்து, நகைக்கடன் தரும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் சேர்ந்து, கிளை மேனேஜர் வரை வந்திருந்தேன்.

அன்று மதியம் வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். காசாளர் செல்வி பின்னறையில் இருந்தாள். வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. நகை அடகு வைக்க வந்தவர்கள் போல இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருவன் கண்ணாடிக் கதவைத் தாழிட்டான். மற்றவன் என் முடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். பல் உடைந்தது.

லாக்கரைத் திறக்க இரண்டு சாவியும் வேண்டும். என்னிடம் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொன்று யாரிடம் என்று கேட்டான். அது செல்வியிடம் இருந்தது. சாவி வைத்திருப்பவர் லீவு என்றேன்.

கத்தியை ஓங்கினான். வலது கையைக் குறுக்கே கொடுத்தேன். மணிக்கட்டில் இறங்கியது. விரல்கள் செத்துப்போய்த் தொங்கியதைப் பார்த்துத்தான் அலறினேன். வாயைப் பொத்தினான். அடுத்த வெட்டு தோளில். முருகா, அந்தப் புள்ளத்தாச்சியை மட்டும் காப்பாத்து என்று உள்ளுக்குள் கதறினேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று, இன்ஜின் சூடாகி, சரியாக எங்கள் வாசலில் நின்றிருந்தது. தண்ணீர் கேட்க வந்தவர் வளையமாதேவி கிராமத்துத் தேவநாதன். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ரத்தத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டாலேயே கண்ணாடியை அடித்து நொறுக்கினார். உள்ளே வந்தவரின் தொடையில் கத்தி பாய்ந்தது.

பஸ்ஸிலிருந்து பின்னால் வந்தவர்கள் அந்த இருவரையும் விடவில்லை. நாற்காலியால் அடித்தார்கள். பூட்ஸ் காலால் மிதித்தார்கள். என்னை வெட்டியவனின் முகம் கிழிந்து, வாயில் ரத்தம் நுரைத்தது. போதும், செத்துவிடுவான் என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. தேவநாதன்தான் நொண்டிக்கொண்டே குறுக்கே விழுந்தார்.

"அந்தம்மாவே வேணாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. வுடுங்கடா."

யார் உயிரும் போகவில்லை. செல்வி மேல் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் என் கை? தைத்த டாக்டர், "பேனா பிடிக்கறதே சந்தேகம்தான்ம்மா" என்றார். வேலைக்குத் திரும்பிப் போனேன். கதவு திறந்தாலே மேஜைக்கடியில் ஒளிந்தேன். ராஜினாமா செய்தேன். கணவர் ஊட்டிவிடக் கொண்டுவந்த தட்டைத் தள்ளி உடைத்தேன். வில்லுடையான்பட்டு முருகன் சன்னதியில் நின்று, "உசுரைக் கொடுத்துட்டு கையை ஏன் எடுத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

பிசியோதெரபியில் களிமண்ணைப் பிசையச் சொன்னார்கள். பிசைந்தேனா? குத்தினேன். இடது கையால் அதைச் சுவரில் வீசியடித்தேன். மாதக் கணக்கில் அப்படித்தான். ஒரு கிருத்திகை விரதத்தன்று காலையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகச் சேர்ந்து ஒரு துளி மண்ணைக் கிள்ளின. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கிள்ளியதை உருட்டி, கோணல்மாணலாக ஒரு ஜிமிக்கி செய்தேன்.

அதுதான் தொடக்கம். இன்று எங்கள் சுடுமண் நகைகள் வெளியூர்களுக்கும் ஆர்டரில் போகின்றன. என்னோடு சேர்ந்துவிட்ட செல்வி, மகளைப் பக்கத்தில் விளையாடவிட்டு, வர்ணம் தீட்டுகிறாள். விலை போடுவதும் சரக்குக் கணக்கும் என் வேலை. ஃபைனான்ஸில் படித்த பாடம் வீணாகவில்லை.

சுண்டுவிரல் இன்னும் மடங்காது. பலத்த சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு நடுங்கும். இருந்தாலும் சொல்கிறேன். அடிபட்டுக் கிடக்கிறவர்களே, முருகனிடம் பேச நல்ல வார்த்தை தேடாதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். திட்டியாவது கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நான் திட்டியிருக்கிறேன்.