கருவியில் இல்லாத எண்

கொரோனாவின் இரண்டாவது வருடம், செவிலியர் படிப்பின் முதலாண்டு பாதியில், பெங்களூர் விடுதியைக் காலி செய்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அதில் முள் வைத்த வட்ட முகப்போடு ஒரு பி.பி. கருவி, ஸ்டெதஸ்கோப், வெப்பமானி. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் குன்னத்துகாலுக்கு வந்ததும் பையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அப்பா வளைகுடாவில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

வகுப்பு ஒன்பது மணிக்கு. சிக்னல் மேற்கு ஜன்னலில்தான் நிற்கும். போனை அங்கே ஒரு செம்பில் சாய்த்து வைப்பேன். வெளியே பக்கத்து வீட்டுத் தோட்டத்தின் ரப்பர் மரங்கள், மழைக்காகப் பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் கட்டியவை. ஜன்னலிலிருந்து இருபத்திரண்டு மரங்கள் தெரியும். பெயர் கூப்பிடும்போது மைக்கைத் திறந்து “யெஸ் மேடம்” என்பேன். மூடுவேன். மறுபடி மரங்கள்.

முதல் வாரம் முயன்று பார்த்தேன். மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவில் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வீட்டிலும் சீருடை போட்டால் மனம் படிப்பில் நிற்கும் என்று கல்லூரிக் குழுவில் ஒரு செய்தி வந்தது. நான்கு நாள் போட்டேன். ஐந்தாம் நாள் அது துவைக்கப் போனது, பிறகு கொடியிலேயே கிடந்தது. நோயாளிக்குப் படுக்கை விரிக்கும் முறை பற்றிய இரண்டு மணி நேர வகுப்பை, விரித்தபடியே கிடந்த என் பாயில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

துக்கம் என்று எதுவும் இல்லை. பசித்தது, தூக்கம் வந்தது. யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

ஜூலையில் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இருபத்தொரு நாள், காலையில் அவருடைய நாடித்துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் பார்த்து ரெக்கார்டில் எழுத வேண்டும். அதில் மேடத்தின் கையெழுத்து விழாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும். அம்மாவின் பெயரை முதல் பக்கத்தில் எழுதினேன். இருபதாவது நாள் வரை எழுதியது அது மட்டும்தான்.

பக்கத்து ஊரான செங்கலில் இருந்த என் வகுப்புத் தோழியைப் போனில் கூப்பிட்டேன்.

“எட்டி, எல்லா நாளும் நூத்தி இருவதுக்கு எண்பதுன்னு எழுதிராத,” என்றாள். “மடத்தனமா இருக்கும். கூட்டியும் கொறச்சும் எழுது. பேனாவ மாத்திக்கிட்டே இரி. கள்ளத்தயும் ஒழுங்கா செய்யணுமாக்கும்.”

“நீ அப்படித்தான் எழுதுனியா?”

“நான் எங்க அப்பனுக்க கையப் பிடிச்சேன். தெனமும் ஏசிக்கிட்டேதான் நீட்டுவாரு. ஆனா நீட்டுவாரு.”

அன்று மதியம் ஒரே இருப்பில் மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி இருபத்தொரு நாளையும் எழுதி முடித்தேன். 117/79, 121/77, 113/75. நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியது. பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து மாலையில் மேடம் வீடியோவில் கூப்பிட்டார். திருச்சூர்க்காரர். இந்த நூற்றுப்பதினேழு எந்தக் கருவியில் கிடைத்தது என்று மலையாளத்தில் கேட்டார்.

“காலேஜ்ல தந்தது மேடம்.”

“அதில் நூற்றுப்பதினாறுக்கு அடுத்த கோடு எது?”

அப்போதுதான் கல்லூரியில் மேடம் காட்டிய முகப்பு நினைவுக்கு வந்தது. அதில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் போகும். நூற்றுப்பதினாறு, அடுத்தது நூற்றுப்பதினெட்டு. அதைக் கையில் பிடித்து ஒரு தடவை பார்த்த யாரும் ஒற்றை எண் எழுத மாட்டார்கள்.

“அம்மாவைக் கூப்பிடு.”

அம்மா தொழிலுறப்பு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நூறு நாள் வேலையை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். முழங்கால் வரை ஓடைச் சேறு. மகள் தினமும் பி.பி. பார்த்தாளா என்று மேடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

“பின்னே, பாக்காம? சாயா குடிக்க விடமாட்டா டீச்சரே. மொதல்ல கைய நீட்டுன்னு இருத்திருவா. சாயா ஆறிப்போவும்.”

மேடம், சரி, அம்மாவுக்குத்தான் பழக்கம் இருக்கிறதே, இன்னும் இருபத்தொரு நாள் ஆறிய சாயா குடிக்கட்டும், புதிய ரெக்கார்டு தேர்வுக்கு முன் வரவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மா வெளிக்குழாயில் காலைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

“எனக்க வாயில கள்ளத்த வரவச்சிட்டியே. ஞாயிறாச்ச சர்ச்சுல முன்வரிசையில இருக்கவளாக்கும் நான்.”

“நான் சொல்லச் சொன்னேனா?”

“இல்ல. நானாத்தான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இனி அத நேராக்கு. காலத்த ஆறு மணிக்கு எளும்பு.”

மறுநாள் ஆறு மணிக்கு அம்மா சாயாவை மேசையில் வைத்து மேலே ஒரு தட்டால் மூடிவிட்டு, கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பையை எடுத்தேன். கருவியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அன்றுதான் கிழிந்தது. ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் அதற்குள் அப்படியே கிடந்தது. துணிப்பட்டையை முதலில் தலைகீழாகச் சுற்றினேன். அவிழ்த்து மறுபடி சுற்றினேன். இரண்டாவது தடவை ஓசை கேட்டது.

“எத்தற உண்டு?”

“நூத்தி நாப்பத்தாறு. கீழ தொண்ணூத்திரெண்டு.”

“கூடுதலா?”

“கொஞ்சம்.”

“அப்ப நாளைக்கும் பாரு,” என்று சாயாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் 148. அதற்கடுத்த நாள் 144. நான்காம் நாள் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கேயும் இரண்டு தடவை பார்த்தார்கள். ஒரு மாத்திரை எழுதித் தந்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தெரியாது என்றேன். அது உண்மைதான்.

படிப்பில் ஆர்வம் திரும்பி வந்தது என்று எழுத முடியாது. ஒன்பது மணி வகுப்பில் நான் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால அட்டவணையின் ஒரு மூலை பசை விட்டுத் தொங்கியது, அதை ஒட்டவில்லை. ஆனால் ஆறு மணிக்கு அந்தக் கை மேசைமேல் இருந்தது. அது இருக்கும்போது எழுந்திருக்காமல் இருக்க முடியவில்லை. பதினான்காம் நாள் 134 வந்தது. அம்மா தட்டை எடுத்துவிட்டு, “சாயா இண்ணைக்குச் சூடாட்டு இருக்கு. உனக்கு வேகம் வந்துபோச்சு,” என்றாள்.

இருபத்தொரு நாள் முடிந்ததும் பக்கங்களைப் படமெடுக்கும்போது கவனித்தேன். எல்லாம் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து, எல்லாம் இரட்டை எண்கள். பார்க்கிறவருக்கு ஒரே இருப்பில் எழுதியது போலத்தான் தெரியும். முந்தைய ரெக்கார்டுதான் அசல் போல இருந்தது. அப்படியே அனுப்பினேன். மேடம் எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார்.