மைக் அக்கா முதல்முறை படம் பார்த்த கதை

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் பெண்ணின் குரல் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முகம்தான் தெரியாது. பூச்சாடி வைக்கக்கூட இடமில்லாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து அவர் பேசுகிறார், யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? கூட வேலை பார்க்கிறவர்கள் மைக் அக்கா, மைக் அக்கா என்று கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. கடல் தாண்டி வேலை பார்க்கும் கணவர்கூடப் போனில், "என்ன மைக்கு, சாப்ட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

வருடத்தில் ஒரு வாரம் மட்டும் அந்தக் குரலுக்கு வேறு வேலை. நகராட்சி அரங்கில் நடக்கும் திரைப்பட விழாவுக்கு எங்கெங்கிருந்தோ வேறு வேறு பாஷைப் படங்கள் வரும். வசனத்தைத் திரைக்குக் கீழே எழுத்தில் போட்டால் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் உதவும். பார்க்க வருகிறவர்களோ மூட்டை தூக்குகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிற பெண்கள். அதனால் படம் ஓட ஓட, புரொஜக்டர் அறையிலிருந்து மைக் அக்கா வசனத்தை நம் பேச்சில் படிப்பார். ராஜா, திருடன், கைக்குழந்தை எல்லாருக்கும் ஒரே குரல். சாவுக் காட்சியிலும் வண்டி கிளம்பும் நேரத்தைச் சொல்கிற மாதிரி நிதானமாகவே படிப்பார். "நானே அழுதுட்டா அவங்க எப்ப அழுறது?" என்பது அவர் கட்சி.

விழாவை ஆரம்பித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். சரியான படப் பைத்தியம். ஆரம்பத்தில் ஒரு வெளிநாட்டு அமைப்பு தாங்கிப் பிடித்தது. அங்கிருந்து வந்த நிபுணர், விழா காலாகாலத்துக்கும் நிலைக்க என்னென்ன தூண்கள் வேண்டும் என்று பலகையில் படம் போட்டு விளக்கினார். பிறகு அமைப்பும் வரவில்லை, நிபுணரும் வரவில்லை. பலகை மட்டும் தங்கிவிட்டது. அதில் இப்போது 'கடை விடுமுறை' என்று எழுதிப் போடுகிறார்கள்.

அதற்கப்புறம் எல்லாமே இரவல்தான். புரொஜக்டர் கல்லூரியிலிருந்து வரும். வெளியூர் இயக்குநர்கள் யார் வீட்டு மாடியிலாவது படுத்துக்கொள்வார்கள். திரையைத் தைத்துக் கொடுத்தவள் மைக் அக்காவின் நாத்தனார். பள்ளிச் சீருடை தைக்கிறவள், அண்ணன் வீட்டிலேயே இருக்கிறவள், தூங்கும்போது மட்டும் வாயை மூடுகிறவள். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றை எங்கிருந்தாவது பிடித்துவிடுவார்கள். ஒரு தொண்டையைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இந்த வருடம் அந்தத் தொண்டை மக்கர் செய்தது. விழா நெருங்கும் சமயத்தில் குரல் கரகரத்து, ஒருநாள் காலையில் காற்று மட்டும்தான் வந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "குரல் நாண்ல சின்னதா ஒரு முடிச்சு. பேசவே கூடாது. கிசுகிசுக்கக்கூடக் கூடாது. மீறினா இருக்கறதும் போயிடும்."

மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "இந்த ஒரு வருஷம் விட்டுடலாம்மா. ஒடம்புதான் முக்கியம்" என்றார்.

மைக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து ஊரிலும் இப்படித்தான் ஒரு விழா இருந்தது. கூரை ஒழுகுகிறது என்று ஒரு வருடம் விட்டார்கள். கூரை சரியாகிவிட்டது, விழா திரும்பி வரவில்லை. புரொஜக்டர் கொடுத்தவர்கள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கும் அந்த வாரத்தில் வேறு ஜோலி பழகிவிட்டது. விட்டால் விட்டதுதான். மைக் அக்கா முடியவே முடியாது என்று கையை ஆட்டினார். பிறகு நாத்தனாரைச் சுட்டிக்காட்டினார்.

"யாரு, நானா? அன்னிக்கு ஒரு தடவ படிக்கிறேன்னு கேட்டப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களே அண்ணி!"

உண்மைதான். அந்த மைக்கை அவர் யாரையும் தொட விட்டதில்லை. தன்னை விட்டால் ஆளில்லை என்பதில் உள்ளூர ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது குறுக்கே நின்றது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"சரி சரி. அழாதீங்க, தொண்டைக்கு ஆகாது" என்றாள் நாத்தனார். அவள் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

சமையலறையில் பயிற்சி நடந்தது. மைக் அக்கா கரண்டியைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், தாழ்த்தினால் மெதுவாகப் படிக்க வேண்டும். நாத்தனாருக்கு வாசிப்பு நன்றாகவே வந்தது. படத்தில் இருக்கிறவர்களோடு சண்டை போடாமல் இருக்கத்தான் வரவில்லை. "'நேத்து நான் வீட்லதான் இருந்தேன்.' புளுகு மூட்ட! எங்க இருந்தான்னு நமக்குத் தெரியாதா அண்ணி?" கரண்டி மேசையில் ணங்கென்று விழும்.

விழா நாளில் மருந்துக்கடைக்காரர் மைக் அக்காவைப் புரொஜக்டர் அறைக்குள் விடவில்லை. உள்ளே இருந்தால் வாயைத் திறந்துவிடுவார் என்று அரங்கில் கொண்டுபோய் உட்கார வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. கண் எப்போதும் காகிதத்தில் இருக்கும். நடுநடுவே யார் வாய் அசைகிறது என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். இப்போது மடியில் காகிதம் இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

வீட்டை விட்டுப் போகிற ஒரு மகளின் கதை. நாத்தனார் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். மருமகன் வந்து தேனாகப் பேசியதும், "இவன நம்பாதீங்க!" என்று ஒலிபெருக்கி அலறியது. அரங்கமே சிரித்தது. மைக் அக்கா பல்லைக் கடித்தார்.

பக்கத்து இருக்கையில் சோப்பு வாசனையோடு ஒரு சலவைக்கார அம்மா. "முன்னாடி ஒருத்தி படிப்பா. தண்ணியா ஓடும். இவ வம்பு பேசுறா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

மைக் அக்காவுக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது. அந்த ஒருத்தி நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டி உதட்டை மட்டும் அசைத்தார்.

"அடடா, பேச வராதா? கவலப்படாதம்மா, புரியலன்னா நான் சொல்றேன்."

கடைசியில் வாசலில் தாயும் மகளும் நிற்கிறார்கள். தாய் பேச வாயெடுத்தாள். நாத்தனார் பாதி வரி படித்தாள், விசும்பினாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. திரையில் தாய் மட்டும் தன் பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள்.

மைக் அக்கா எழுந்துவிட்டார். அந்த வரி அவருக்கு மனப்பாடம். பேசினால் குரல் போகும். பேசாவிட்டால் இத்தனை பேரும் எழுந்து போய்விடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்தது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

"உக்காரும்மா, மறைக்குது" என்று சலவைக்கார அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "போகாதன்னு சொல்லத்தான் வந்தா. மனசு கேக்கல. போய்ச் சேந்ததும் போன் பண்ணுன்னு சொல்றா."

பின்வரிசையில் யாரோ, "தலைய ஒழுங்கா வாரிக்கோன்னு சொல்றாடா" என்றார். முன்னால் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "எப்ப வந்தாலும் கதவு திறந்திருக்கும்கறா" என்றார். இருட்டு முழுக்கக் கிசுகிசுப்பு. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சொன்ன எதுவும் காகிதத்தில் இருந்ததல்ல, ஆனால் ஒன்றுகூடத் தப்பில்லை. மைக் அக்கா மெல்ல உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்துக்கு அழுதார்.

விளக்குப் போட்டதும் சலவைக்கார அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா அழுதியா? அடுத்த வருஷமும் இங்கயே வந்துடு. நான் முன்னாடியே வந்து இடம் போட்டு வைக்கிறேன்."

அடுத்த வருஷம் என்று மருந்துக்கடைக்காரர்கூட இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. மைக் அக்கா பலமாகத் தலையாட்டினார்.