மானுக்குத் தெரியாத நிறம்

மார்லிஸ் ட்வெய்ட்டுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவள் வேலை பார்த்த சீஸ் ஆலையில் அது எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தோரு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து வில் பிடித்தவள். கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தது. விஸ்கான்சின் காட்டில் செப்டம்பரிலிருந்து மரத்துப் பரணில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பது மட்டும் முறியவில்லை. துணைக்கு எப்போதும் தம்பி ஆரின். சாலை போடும் வண்டி ஓட்டுகிறவன், யார் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிறவன்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, டுவேன் கெஸ்ஸலின் வில் கடைக்கு அம்பு வாங்கப் போனார்கள். ஆரினின் கையில் ஒரு ஆரஞ்சு மேல்சட்டை இருந்தது. துப்பாக்கி வேட்டைக் காலத்தில் மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காக அதைப் போட்டே ஆக வேண்டும். வில் காலத்தில் அவரவர் இஷ்டம். அணில் சுடுகிறவர்களும் காட்டில் திரிகிறார்களே, இப்போதும் போட்டுக்கொள்ளலாமா என்று ஆரின் டுவேனிடம் கேட்டான்.

"போட்டுக்கோ. மான் உனக்கு டாட்டா காட்டிட்டுப் போகும்" என்றான் டுவேன். "மான் கண்ணுக்கு இது விளக்கு ஏத்தின மாதிரிடா. இந்தா, இலையும் சுள்ளியும் அச்சடிச்ச இந்தச் சட்டையைப் போடு. உன்னைப் பெத்தவளே தேடினாலும் கிடைக்க மாட்டே."

மார்லிஸ் சிரித்தாள். "அவன் காட்டுக்கா போறான்? ரோடு போடப் போறான்!" என்று தன் பங்குக்கும் சொன்னாள். ஆரின் காது சிவந்து, ஆரஞ்சுச் சட்டையை மடித்துப் பையின் அடியில் திணித்துக்கொண்டான்.

மறுநாள் மாலை ஆரின், டுவேனிடம் வாங்கிய இலைச் சட்டையோடு, பரணிலிருந்து இறங்கி ஓக் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு ஒரு முழம் மேலே அடிமரத்தில் அணில் ஒன்று ஓடியது. நாற்பதடி தள்ளி நின்ற ஒருவர் அணிலைச் சுட்டார். அணில் தப்பியது. ரவைகள் ஆரினின் முகத்தில் இறங்கின. அலறல் கேட்டு மார்லிஸ் ஓடி வந்தபோது அவன் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். இடது கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

சுட்டவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு அழுதார். "மரம்தாம்மா தெரிஞ்சுது. சத்தியமா மனுஷனே தெரியலை." அவரைக் கிழித்துப் போடும் வெறியோடு வந்தவள் அந்தத் தொப்பியையே பார்த்தாள். கண்ணுக்குத் தெரியக் கூடாது என்றுதானே அந்தச் சட்டையை வாங்கியது? இந்த மனிதரிடம் எதைக் கேட்பது? கோபம் போக இடமில்லாமல் உள்ளேயே கிடந்து கொதித்தது. பிறகு நேராக டுவேனைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் அவன் சொன்னது பொய் என்று தெரியாமல் எப்படிச் சண்டைக்குப் போவது? ஊர் நூலகத்தில் பல்கலைக்கழகத்துப் பெண்மணி ஒருவர் மான்களைப் பற்றிப் பேச வந்தபோது, முதல் வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டாள்.

"மான் கண்ணுக்குச் சிவப்பைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது" என்றார் அவர். "ஆரஞ்சும் பச்சையும் அதுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். அசையாம உட்கார்ந்தா நீங்க ஒரு புதர். ஆனா நீலம் நம்மளைவிட அதுக்கு நல்லாத் தெரியும். துணி பளிச்சுன்னு இருக்கணும்னு போடற சோப்புத்தூள் இருக்கே, அது விட்டுட்டுப் போற மினுக்கமும் தெரியும், நமக்கு அது புற ஊதா விளக்குலதான் தெரியும்."

மார்லிஸ் பாதியில் எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்து, உள்ளங்கை வலிக்கும்வரை ஸ்டியரிங்கை அடித்தாள்.

கேட்டது போதவில்லை, பார்க்க வேண்டும். வில் இல்லாமல் போனாள். காற்று தன் பக்கம் வீசும் நாளாகப் பார்த்து, ஆரினின் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். பெண்மான் ஒன்று ஓக் கொட்டைகளைக் கடித்தபடி பத்தடிக்குள் வந்து, அவளைப் பார்த்து, திரும்பவும் தின்னத் தொடங்கியது. மறுநாள் அதே இடம், நீல ஜீன்ஸ் மேலங்கி. ஐம்பதடியிலேயே மான் நின்றது. தலையை ஏற்றி இறக்கிப் பார்த்தது, முன்காலால் தரையைத் தட்டியது, புஸ்ஸென்று சீறிவிட்டு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஆறு நாள் மாற்றி மாற்றி உட்கார்ந்தாள். ஒருநாள் ஆரஞ்சுக்கும் மான் மிரண்டது, அன்று அவள் இருமிவிட்டாள். ஆறு நாள் பார்த்ததை வைத்து விஞ்ஞானம் பேச முடியாதுதான். அவளுக்கு வேண்டியது விஞ்ஞானம் அல்ல.

வில் சங்கத்தார் வெள்ளிக்கிழமை மாலைகளில் அடித்தளக் கூடத்தில் மீன் பொரித்துச் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆலையில் தொட்டிகள் சுத்தமா என்று பார்க்கும் புற ஊதா விளக்கை இரவல் வாங்கிக்கொண்டு மார்லிஸ் அங்கே போனாள். ஆரின் ஒரு மூலையில் கண்ணில் கறுப்புக் கட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டுவேன் வேட்டை உடையிலேயே வந்து, அம்புக்கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

"டுவேன், அந்தச் சட்டையை எதுல துவைச்சே?"

"ஏன், உன்னோடதையும் துவைச்சுத் தரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் ஆரஞ்சுச் சட்டையை நாற்காலியில் போட்டாள். "யாராவது விளக்கை அணைங்க" என்றாள். அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டதும் யாரோ அணைத்துவிட்டார்கள்.

மார்லிஸ் புற ஊதா விளக்கைப் போட்டதும் டுவேன் கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை நீலவெள்ளையாக எரிந்தான். இலையும் இல்லை, சுள்ளியும் இல்லை. அம்புகளின் வெள்ளை இறகுகள் தோளுக்கு மேல் தீப்பந்தம் மாதிரி நின்றன.

"உன் ஆரஞ்சும்தான் எரியுது!" என்று கத்தினான் அவன்.

"எரியட்டும். அது ஆரஞ்சா எரியுது. அது மானுக்குத் தெரியாது, மனுஷனுக்குத் தெரியும். நீ நீலமா எரியறே. இத்தனை வருஷமா மானைப் பார்த்துக் கையசைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது நீதான்டா!"

விளக்கு வந்தது. டுவேனின் முகம் வெளுத்திருந்தது. "எல்லாரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். சரி, நான் சொன்னேன். பக்கத்துல நின்னு சிரிச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் மார்லிஸ். "தினமும் அவன் மூஞ்சியில அதைப் பார்க்கறேன். நீ ஒரு நாளாவது ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தியா?"

அவன் அம்புக்கூட்டைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தான். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு படியேறினாள். காரருகே ஆரின் வந்தான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

"கண்ணு போனது எனக்கு. என் சட்டையை எடுத்து ஊர் நடுவுல காட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்காகத்தானே..."

"எனக்காக இல்ல. சிரிச்சேல்ல, அதுக்காக."

அவன் நடந்தே வீட்டுக்குப் போனான். மூன்று வாரம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதற்கும் தன்மேலேயே எரிந்து விழுந்தாள். கடைசியில் அவன் வாசலில் நின்று, "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். அவன் கதவைத் திறந்து விட்டான்.

சங்கத்து நிலத்தில் வில்காரர்களும் ஆரஞ்சு போட வேண்டும் என்று வசந்தகாலத்தில் முடிவானது. டுவேன் ஆரஞ்சுச் சட்டைகளைக் கடை வாசலிலேயே தொங்கவிட்டான். மார்லிஸ் அந்தக் கடைக்குள் பிறகு போகவே இல்லை. அம்புக்கு நாற்பது மைல் காரோட்டினாள். ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடாமல் ஆரின் கோடை முழுவதும் வைக்கோல் பொதியைக் குறிவைத்தான். தவறினால் திட்டினான், பொதியைத் தாண்டிப் போன அம்புகளை மார்லிஸ் புல்லில் தேடி எடுத்து வந்தாள். இலையுதிர்காலத்தில் இருவரும் மறுபடி காட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் மான் கிடைக்கவில்லை.

அடுத்த அக்டோபரில், பெட்ரோல் நிலையத்தில் உச்சி முதல் கால் வரை இலையும் சுள்ளியுமாக ஒரு வெளியூர்க்காரன் நின்றிருந்தான்.

"உன் ஆரஞ்சு எங்கே?" என்று மார்லிஸ் காருக்குள்ளிருந்தே கேட்டாள்.

"மான் பார்த்துடும்மா" என்று அவன் சிரித்தான்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.