கம்பத்து உச்சிக்கும் ஒரு பாடு

கடலோடு சேரும் எங்கள் ஏரியில் நல்ல மீன் விழும் இடம் யாருக்கும் சொந்தமில்லை. இன்று எனக்கென்றால் நாளை இன்னொருவருக்கு. அப்படி முறை வைத்து இடம் மாற்றிக்கொள்வதைப் பாடு என்போம். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் தவறினேன்.

படகுகளோடு பேசுவதற்கு மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு சிபி ரேடியோ வைக்க முடிவானது. எல்லாத் திசைக்கும் ஒன்றுபோலப் பேசும் ஆன்டெனா வேண்டும். இரண்டு வந்தன. நெடியது நான் தேர்ந்தெடுத்தது. குட்டை, என் மைத்துனர் பழைய சாமான் கடையில் பிடித்தது. அடியில் குடைக்கம்பிபோல நாலு கம்பிகள் விரிந்திருக்கும். நெடியது அலையை வானத்துக்கு வீணாக்காமல் தண்ணீரை ஒட்டி அனுப்பும் என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் சோதனையன்று நெடியதைக் கம்பத்தின் உச்சியிலும் குட்டையை மொட்டைமாடிச் சுவரோரத்திலும் கட்டினேன். உயரம் எவ்வளவு பெரிய உதவி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். கடலிலிருந்த படகுகள் நெடியதுதான் தெளிவு என்றன.

ரேடியோவைக் கவனிக்கப்போகிறவர் மீன் ஏலம் விடும் ஒரு பெண். கூட்டத்தில் கேட்டார்: "ரெண்டையும் எடம் மாத்திப் பாத்தீங்களா சார்? பாடு மாத்தாம எது ஒசத்தின்னு இன்னா சொல்றது?"

"பாத்தாச்சும்மா" என்றேன். பார்க்கவில்லை. மைத்துனரின் குட்டை ஜெயித்துவிடுமோ என்ற அற்பத்தனம்.

"அப்போ குட்டையக் கழட்டிடலாமா?" என்றார் ஒருவர்.

"கெடக்கட்டும். சோறா கேக்குது?" என்றார் அந்தப் பெண்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் காற்று திடீரென்று எழும்பியது. எல்லாப் படகும் திரும்பிவிட்டது, அவர் கணவருடையதைத் தவிர. அவர் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்; நான் பக்கத்தில் நின்றேன். மேலே மடாரென்று சத்தம். நெடியது இணைப்பில் முறிந்து தொங்கியது. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

"இன்னா சார் ஆச்சு?"

குட்டையின் கேபிளை மாட்டினேன். சற்று நேரத்தில் கணவரின் குரல் வந்தது: "இன்ஜின் பூட்ச்சு. முகத்துவாரத்துக்கு வடக்க நங்கூரம் போட்டுக் கெடக்கறோம்."

இரண்டு படகுகள் போய் இழுத்து வந்தன. நனைந்த உடம்போடு கணவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இருவரிடமும் சொன்னேன்: "எடம் மாத்திப் பாக்கவேயில்ல. பொய் சொன்னேன்."

கணவர் சிரித்தார். "படிச்சவரு பொய்யி எவ்ளோ கிளியரா கேட்டுச்சு பாரு!"

மனைவி சிரிக்கவில்லை. "காத்து நின்னதும் எடம் மாத்திப் பாத்துடுங்க சார்."

நெடியதைச் சரிசெய்து, இடம் மாற்றிக் கட்டினோம். உச்சியில் குட்டை தெளிவாகப் பேசியது. சுவரோரத்தில் நெடியது திணறியது. எங்கள் படகுகள் போகும் தூரத்துக்கு உயரம்தான் வித்தியாசம். காற்றுக்கு அதிகம் வளையாத குட்டையே உச்சியில் நிலைத்தது. மைத்துனரிடமும் போய்ச் சொன்னேன்.

அதன்பின் ரேடியோ அறைப் பக்கம் போகக் கூசியது. அந்தப் பெண்தான் ஆளனுப்பினார். "சாயங்காலம் ஏலத்துக்குப் போவணும். அந்த நேரம் உங்க பாடு" என்று நாற்காலியைக் காட்டினார். பொய் சொன்னவனை நம்பித் தன் கணவரின் குரலைக் கேட்க உட்காரவைத்தார். அந்த நன்றியை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தினமும் உட்காருகிறேன். "கேக்குதா சார்?" என்று அவர் கணவர் கூப்பிடுகிறார். கேட்டால்தான் "கேக்குது" என்கிறேன். இரைச்சலாக இருந்தால், "சரியா கேக்கலப்பா, இன்னொரு தபா சொல்லு" என்கிறேன்.