மாரீஸ்வரியின் ரன் அவுட்

குமுளியில் ஜோமோள் நடத்தும் ஹோம்ஸ்டேயில் மாரீஸ்வரி வேலைக்குச் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஹாலில் டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மாடியறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் இடுப்பில் துண்டோடு பாதிப் படி இறங்கி வந்து, "வீ ஹாவ் ரன் அவுட்..." என்று ஆரம்பித்து மடமடவென்று ஏதோ சொன்னார். மாரீஸ்வரி காதில் விழுந்தது ரன் அவுட் மட்டும்தான். டிவியைத் திரும்பிப் பார்த்தாள். நம்ம ஆட்கள் இரண்டு பேரும் மட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"நோ சார், நாட் அவுட்" என்று அவருக்குத் தைரியம் சொன்னாள்.

பெரியவர் துண்டை இறுக்கிப் பிடித்தபடி மேலே போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் ஜோமோள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "மாரிச்சேச்சி, பாத்ரூம்ல பேப்பர் தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வந்திருக்காரு பாவம்!"

மாரீஸ்வரியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் மனசுக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. எதையும் அரைகுறையாக விட்டுவிடுகிற ஆள் இல்லை அவள். புதுக் குக்கர் வாங்கப் போனபோது, விசிலைக் கழற்றி மாட்டிக் காட்டாமல் கடையைவிட்டு நகரமாட்டேன் என்று நின்றவள். வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்து, கல்யாணத்துக்குப் பிறகு தேயிலைக் கொழுந்து கிள்ளி, தோள்பட்டை ஒத்துழைக்காமல் போனதும் இங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

மறுநாள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே ஜோமோளிடம் அந்த ரன் அவுட்டைப் பற்றிக் கேட்டாள். ஜோமோளும் பொறுமையாகச் சொன்னாள்: "ஆள் முன்னாடி வந்தா 'ஆஃப்' வேணும், சேச்சி. வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க். சாமான் முன்னாடி வந்தா 'ஆஃப்' வேண்டாம். தி மில்க் ஹாஸ் ரன் அவுட். ரெண்டும் ஒண்ணுதான், பால் இல்ல."

அன்றிலிருந்து குமுளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். டீசல் ஹாஸ் ரன் அவுட். வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் டீசல். வீட்டுக்குப் போனால் சீனி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சுடலைமணி, "ஏய், வீட்டுல இருக்கிறதையெல்லாம் நீ வாயாலயே தீத்துருவ போலிருக்கே" என்பான்.

சறுக்கலும் உண்டு. ரூம் எல்லாம் நிறைந்த ஒரு நாளில், ஏற்கெனவே தங்கியிருந்து, தோழிக்கும் ஒரு ரூம் கேட்ட பெண்ணிடம் "யூ ஹாவ் ரன் அவுட் ஆஃப் ரூம்ஸ்" என்று சொல்லிவிட்டாள். தன்னைக் காலி பண்ணச் சொல்கிறாள் என்று பயந்து அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். தீர்ந்துபோனது யாருக்கு என்பதில்தான் சூட்சுமம் என்று மாரீஸ்வரிக்கு அப்போது புரிந்தது. யூ இல்லை, வீ. ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கொடுத்து அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தினாள்.

அந்த வருஷம் கோடை முன்னதாகவே வந்தது. மாரீஸ்வரி குடியிருந்த எஸ்டேட் லயத்தில் வீடுகள் ஒரே சுவரில் ஒட்டி வரிசையாக இருந்தன. மேட்டிலிருக்கும் தொட்டியிலிருந்து வரும் குழாய் உடைந்து, பாதித் தண்ணீர் வழியிலேயே தேயிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் வீட்டுக்காரர்கள் குடம் நிரப்பினால் கடைசி வீட்டில் குழாய் காற்றுதான் விடும். கைப்பிள்ளைக்காரி செல்வப்பிரியா கடைசி வீடு. துணி அலச ஓடைக்கு இறங்கி ஏறுவாள்.

புது மேனேஜர் லயத்தைப் பார்க்க வந்தார். வடக்கேயிருந்து வந்தவர், தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. கூடவே ஃபீல்டு ஆபீசர் சென்னிமலை, பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதிக்காரர். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் காலிக் குடத்தைக் கவிழ்த்தே காட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சென்னிமலை இங்கிலீஷில் ஒரே வரியில் முடித்தார்: தண்ணீர் கொஞ்சம் பிரச்சினையாம். மேனேஜர் தலையாட்டிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

மாரீஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள். தப்பாகச் சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் ஜீப் போய்விடும்.

"சார்!" என்று கூப்பிட்டாள். அவர் நின்றார். "நாட் ஸ்மால் ப்ராப்ளம், சார். எவ்ரி மார்னிங் வீ ரன் அவுட் ஆஃப் வாட்டர்."

மேனேஜர் திரும்பி வந்தார். இன்றைக்கு எப்போது தீர்ந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் கேள்வியிலும் ரன் அவுட் இருந்தது. அதைக் கேட்டதும் மாரீஸ்வரிக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

"பிஃபோர் சன், சார். பைப் ப்ரோக்கன். ஃபர்ஸ்ட் ஹவுஸ், வாட்டர். லாஸ்ட் ஹவுஸ், பேபி ஹவுஸ், வாட்டர் ஹாஸ் ரன் அவுட்." மூச்சை இழுத்துக்கொண்டு, "கம் அண்ட் சீ, சார்" என்றாள்.

அவர் வந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மாரீஸ்வரி முன்னால் ஏற, மேனேஜர் ஷூ வழுக்க வழுக்கப் பின்னால் ஏறினார். சாக்கும் சைக்கிள் டியூபும் சுற்றிக் கட்டியிருந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் சட்டையை நனைத்தது. அதற்கு மேல் மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

இறங்கும்போது சென்னிமலை அவள் பக்கத்தில் வந்தார். "நல்லாச் சொன்னீங்க. நானும் முழுசாச் சொல்லியிருக்கோணுங்க. புது ஆளு, என்ன நெனப்பாரோன்னு இருந்துட்டனுங்க."

"நீங்க கூட இருந்ததுனாலதான் சார் எனக்கும் வாய் வந்துச்சு" என்றாள் மாரீஸ்வரி. அவரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மாசம் முடிவதற்குள் புதுக் குழாய் வந்தது. கடுங்கோடையில் கடைசி வீட்டுக்கு இன்னும் நூல் மாதிரிதான் வருகிறது; ஆனாலும் வருகிறது. செல்வப்பிரியா ஓடைக்கு இறங்குவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் மாரீஸ்வரியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டதும் அவள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அவளும் தெரிந்ததைச் சொல்கிறாள். தெரியாததை ஜோமோளிடம் கேட்டு வந்து சொல்கிறாள். போன வாரம் சுருளியம்மாள்தான் முதலில் கை தூக்கினாள்.

"மை ஹஸ்பண்ட் ஹாஸ் ரன் அவுட்."

"மதினி, அப்படிச் சொன்னா அண்ணன் தீந்துபோயிட்டாருன்னு அர்த்தம்."

"கள்ளுஷாப்புக்கு ஓடிட்டாருன்னு சொல்ல வந்தேன்டி."

"அதுக்கு வேற வார்த்தை இருக்கும். கேட்டுட்டு வாரேன்."

"ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் சுருளியம்மாள். "அந்தாளு ராத்திரிக்குத்தான் வருவாரு."