குடிதண்ணீர் கேட்ட கார்

கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போன கையை ஒருமுறை ஓங்கி அடித்திருக்கிறேன். முன்பின் தெரியாத மனிதரின் கை அது. எண்பதுகளில் மாரண்டஹள்ளியில் சாலையோரமாக லாரி, டிராக்டர் பார்க்கிற பட்டறை வைத்திருந்தேன். ஒரு மத்தியான வேளையில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரை இல்லாத சிவப்பு ரேஸ் கார் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. அடியில் தண்ணீர் பச்சை நிறத்தில் ஒழுகியது. ரேடியேட்டருக்கென்று மருந்து கலந்த அப்படியொரு தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓட்டிவந்தவர் குதித்து இறங்கி மூடியைத் திருகப் போனார். "ஏங்க, மூஞ்சி வெந்துரும்! அறிவில்லையா?" என்று அவர் கையில் ஓங்கி அடித்துக் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அவர் திருப்பிக் கோபப்படவில்லை. "எங்கப்பா செத்துட்டாருங்க" என்றார்.

ஏரியூர்ப் பக்கத்துக்காரர். பெங்களூரில் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவர். தந்தி வந்த அன்று பார்த்து பஸ் ஸ்ட்ரைக். முதலாளி மனமிரங்கி, கொட்டகையில் சும்மா நின்ற இந்தச் சீமைக் காரைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒரே மகன். பொழுது இறங்குவதற்குள் போய்ச் சேராவிட்டால் பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்துவிடுவான். வேறு வண்டி ஏற்றிவிடலாமென்றால் என்னிடம் இருந்தது சைக்கிள். பட்டறையில் நின்ற லாரியின் என்ஜினோ பிரித்துப்போட்டபடி தரையில் கிடந்தது. இந்தக் காரை ஓட வைத்தால்தான் உண்டு.

ஒழுகுகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. காற்றாடி சுற்றும்போது தண்ணீரை வாரி இறைத்து என்ஜின் முழுக்க நனைத்துவிடும். அதற்குமேல் எல்லா இடமும் ஓட்டை போலவே தெரியும். இன்று காற்றடித்துப் பார்க்கிற கருவி இருக்கிறது, என் மகன் பட்டறையில் நிமிஷத்தில் சொல்லிவிடுகிறான். அன்று ஊற்றிப் பார்ப்பதுதான் வழி. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு, ரேடியேட்டரை அரித்துவிடும். நல்ல தண்ணீர் என்பது என் சம்சாரம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து சுமந்துவந்த குடிதண்ணீர்தான். அந்த வருஷம் மழையே இல்லை. சூடு ஆறியதும் முதல் குடத்தை ஊற்றி, மேலே இருந்த ரப்பர் குழாயின் இரும்புப் பிடியை இறுக்கி, என்ஜினை ஓடவிட்டேன். அத்தனையும் மண்ணில் இறங்கியது. குடத்தைத் தேடிவந்த சம்சாரம் சண்டைக்கு நின்றாள். "காரு குடிக்கறதுக்கா நான் அம்மாந்தூரம் நடந்து சொமந்தேன்?" சங்கதியைச் சொன்னேன். "மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டவள், போய் மிச்சமிருந்த குடங்களையும் முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவையும் எடுத்து வந்தாள். பவுடர் நான் கேட்டது. என்ஜினைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, பவுடரைக் கொட்டித் தடவி, மறுபடி தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவர் கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் கீழ்க் குழாயின் உள்பக்கத்தில் பவுடர் கறுத்து ஒரு கோடு இறங்கியது. பிடி கடித்து ரப்பர் வெடித்திருந்தது.

அந்தக் காருக்குக் குழாய் பெங்களூரிலேயே கிடைக்காது. சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினேன். ஆவியின் அழுத்தத்தை அது தாங்காது என்று மூடியை இறுக்காமல் விட்டேன். அப்படி விட்டால் தண்ணீர் கொதித்துக் குறைந்துகொண்டே வரும், வழியெல்லாம் ஊற்ற ஆள் வேண்டும். "நீ போ மாமா, நான் பட்டறையப் பாத்துக்கறேன்" என்றாள் சம்சாரம். காலிடுக்கில் குடத்தை வைத்துக்கொண்டு ஏறினேன். பாலக்கோட்டில் ஊற்றினோம், பாப்பாரப்பட்டியில் ஊற்றினோம். பென்னாகரம் தாண்டி ஒரு மேட்டில் குடம் காலியானது. அக்கம்பக்கத்தில் கிணறு இல்லை. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. "நிறுத்துங்க, என்ஜின் போயிரும். மொதலாளிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கத்தினேன். அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. என்ஜின் கடகடவென்று அடித்து, ஊர் எல்லையில் இறுகி நின்றுவிட்டது. பறைச் சத்தம் கேட்டது. கதவைக்கூடத் திறக்காமல் தாண்டிக் குதித்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சுடுகாட்டில் பங்காளி வீட்டுப் பையன் தோளில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "வந்துட்டான், வந்துட்டான்" என்று யாரோ அலறினார்கள். குடம் இவர் தோளுக்கு மாறியது. அவருக்குக் கால் பின்னியதால் என்னைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், பெட்டியில் வைத்துப் புதைக்கிறவர்கள். சிதைக்கு அத்தனை கிட்டத்தில் அதற்குமுன் நான் நின்றதில்லை. ஒரு சுற்று முடிந்ததும் பின்னால் வந்தவர் கத்தி முனையால் குடத்தில் கொத்தினார். தண்ணீர் பீறிட்டது. மத்தியானத்திலிருந்து ஒழுக்கை அடைத்து அடைத்துப் பழகிய கை அது. என்னை அறியாமல் என் கட்டைவிரல் போய் அந்த ஓட்டையைப் பொத்திவிட்டது.

"விடுப்பா, அது ஒழுகணும்" என்றார் கத்தி வைத்திருந்தவர்.

கையை எடுத்தேன். தண்ணீர் மகனின் முதுகில் வழிந்து இறங்கியது. வழியெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வந்த மனுஷன், அப்போதுதான் "அப்பா" என்று வாய்விட்டுக் கத்தினார்.