புளியமரத்தடியில் இறங்குவதில்லை

எனக்கு மோட்டார் சைக்கிள் ஆசை பிடித்தது சோழவரத்தில். பந்தய நாட்களில் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்போம். சீட்டு வாங்க வக்கில்லை. ஆனால் வேலிக்கு வெளியேயும் அதே புழுதிதான், அதே சத்தம்தான். எவன் முதலில் வருகிறான் என்று மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். நான் பார்த்தது வேறு. ஏறி உட்கார்ந்தவன் எவனுக்காகவும் இறங்கவில்லை.

எங்கள் ஊரில் இறங்க வேண்டும். எங்கள் காலனிக்கு ஊர்த்தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. தெருமுனைப் புளியமரத்தடியில் சைக்கிளை விட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகி, மறுமுனையில் இருக்கும் பால் டிப்போ வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அதன் பிறகு ஏறிக்கொள்ளலாம். இதைப் பலகை எழுதி யாரும் மாட்டவில்லை. நடக்கப் பழகியபோதே இதையும் பழகியிருந்தோம். அத்திப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, காக்கிச் சட்டையும் பூட்ஸுமாகத் திரும்பும்போதும் நான் அங்கே இறங்கினேன். ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுவில், மணவாள நகரில் ஒரு மெக்கானிக்கிடம் பழைய வண்டி ஒன்று வாங்கினேன். டேங்க் நசுங்கியிருந்தது, சீட் கிழிந்து ஸ்பிரிங் எட்டிப் பார்த்தது. சத்தத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்.

"தோ பாருப்பா, ஆக்ஸிலேட்டர உட்டா அணைஞ்சிபூடும். சூட்ல அணைஞ்சா ஆறுற வரிக்கும் ஒதைச்சிக்கினே கெடக்கணும். ஊட்டாண்ட போய்தான் நிறுத்தணும், இன்னா?"

வேறொருவன் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லியிருப்பான். எனக்கு அந்தக் கோளாறே பிடித்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் புளியமரம் வந்தது. என் கால்கள் தாமாகவே இறங்கப் பார்த்தன. அவற்றை மனசுக்குள் திட்டித் திட்டித்தான் மேலேயே வைத்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். குரைத்துக்கொண்டு பின்னால் வந்தது ஒரு நாய் மட்டும்தான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

மறுநாள் அப்பா பண்ணையார் வயலிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"பண்ணையார் கேக்கறாருடா. ஒம் புள்ளைக்கு இன்னா, எறங்க காலு வரலியான்னு. மரத்தாண்ட எறங்கித் தள்ளிக்கினு போயேன். இன்னா கொறஞ்சிபூடும்?"

"எறங்கினா வண்டி அணைஞ்சிடும் நைனா. அப்பால கெளம்பாது."

"அப்ப வித்துடு."

"விக்க மாட்டேன்."

அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். களை எடுக்கவும் கூப்பிடவில்லை. வயலைத் தவிர வேறு எதுவும் அறியாத மனிதர், வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னால்தானே? ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இந்த முறை இறங்கினால் இந்த ஜென்மத்தில் திரும்ப ஏற மாட்டேன். தொழிற்சாலைக் காண்டிராக்டரைப் போகும்போதும் வரும்போதும் பிடித்துப் பேஜார் பண்ணி, யார்டில் இரும்பு அடுக்கும் வேலை ஒன்றை அப்பாவுக்கு வாங்கினேன்.

முதல் நாள் காலை அவர் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பால் டிப்போ வந்தது. வளைவுக்காக வேகத்தைக் குறைத்தேன். சட்டென்று வண்டி இலேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா இறங்கி நடந்து வருகிறார், துண்டு கக்கத்தில். அவர் யோசித்துச் செய்யவில்லை. அத்தனை வருஷப் பழக்கம் அவரை இறக்கிவிட்டிருந்தது.

நான் போய்க்கொண்டே இருந்திருக்கலாம், மரத்தடியில் அவரை ஏற்றிக்கொண்டிருக்கலாம். மாட்டேன் என்று டீக்கடைக்கு நேர் எதிரே, நடுத்தெருவில், காலை ஊன்றி நின்றேன். அணையாமல் இருக்க ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த வண்டி போட்ட சத்தத்துக்குப் பெண்கள் குடத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பண்ணையாரும் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

அப்பா பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நீ போடா. மரத்தாண்ட ஏறிக்கிறேன்."

"இங்கியே ஏறு நைனா."

"எல்லாம் பாக்கறாங்கோடா."

"பாக்கட்டும். நீ ஏறாம நான் நவுர மாட்டேன்."

மேலும் முறுக்கினேன். புகை டீக்கடை வரைக்கும் போயிற்று. அப்பா பண்ணையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கக்கத்திலிருந்த துண்டை எடுத்து உதறினார். தோளில் போடுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் தலையில் முண்டாசாகச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறினார்.

"இன்னாடா என் மூஞ்சியே பாத்துக்கினு கீற? ஷிஃப்டுக்கு நேரமாவுது. ஓட்டு."